கொடுக்கத் தெரியாத ஊர்

யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் நின்று பார்க்கவில்லை. குதிரை, தேர், பட்டு, தட்டு நிறையப் பொன், மணியிழைத்த ஆரம் எல்லாம் வந்தன. ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பெண்ணை அலங்கரித்து வாசலுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். அவர் எதையும் தொடவில்லை, யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். சில மாதங்களுக்கு முன்புவரை அவர்தான் அரசர். இப்போது உடம்பில் துணி இல்லை, வாயில் பேச்சில்லை. ஊர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வேளைச் சோறு. அது அந்தத் தெருவில் எல்லா அடுப்பிலும் வெந்துகொண்டுதான் இருந்தது.

கதை சமணர்களுடையது. வந்தவர் ரிஷபதேவர். ஆதிநாதர் என்றும் சொல்வார்கள், இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களில் முதல்வர். 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் எழுதிய வடமொழி ஆதிபுராணத்திலும் 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய சலாகா புருஷர் சரிதத்திலும் இது விரிவாக வருகிறது. தமிழ்ச் சமணர்களுக்கு மணிப்பிரவாள உரைநடையில் அமைந்த ஸ்ரீபுராணம் இருக்கிறது. விவரங்களில் திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒத்துப்போவதில்லை. துறவு பூண்டதும் ஆறு மாதம் அசையாமல் நின்றார், பிறகுதான் உணவுக்குப் புறப்பட்டார், புறப்பட்ட பின்னும் ஆறு மாதத்துக்கு மேல் வெறுங்கையோடு அலைந்தார் என்பது திகம்பரர் கணக்கு. சுவேதாம்பரர் சுமார் நானூறு நாள் என்பார்கள். இரு தரப்பிலும் பசி ஓராண்டைத் தாண்டிவிடுகிறது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொள்ளும் இடம் வேறு. அந்த மக்களுக்குப் பிழைக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கேட்டதைத் தரும் கற்பக மரங்கள் வற்றிப்போய், தின்ன என்ன செய்வதென்று தெரியாமல் மக்கள் அவரிடம் ஓடிவந்தபோது ஆறு தொழில்களைச் சொல்லிக்கொடுத்தார் என்கிறது புராணம். வாள் பிடிப்பது, எழுதுவது, உழுவது, கலைகள், வாணிகம், கைத்தொழில். மகள் பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் சொல்லித்தந்தார். பானை வனையவும் தீயில் சமைக்கவும் காட்டியவர் அவரே என்று சுவேதாம்பரர் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, அன்று தெருவில் வெந்துகொண்டிருந்த ஒவ்வொரு பானையும் அவர் கற்பித்ததன் பலன். ஒன்றை மட்டும் அவர் சொல்லித்தரவில்லை, கையேந்தி வருகிறவனுக்கு எப்படிக் கொடுப்பது என்பதை. சொல்லித்தர அவசியமும் அதுவரை வந்ததில்லை, ஏனென்றால் அந்த யுகத்தில் அவருக்கு முன் யாரும் கையேந்தி வந்தது கிடையாது. இப்போது சொல்லலாம் என்றால் மௌன விரதம். மௌனம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு இதைக் கொடு என்று கேட்ட மாத்திரத்தில் அது வேறொன்றாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஆசானாக இருந்தவர், தனக்கு வேண்டியதைப் பற்றி மட்டும் வாய் திறக்க வழியில்லாமல் தெருத்தெருவாக நடக்கிறார்.

அவரோடு துறவு பூண்ட நாலாயிரம் அரசர்கள் கதைக்குள் ஒரு சோகமான நகைச்சுவை. எதற்கென்று தெரியாமல், தலைவர் போகிறார் நாமும் போவோம் என்று ராஜவிசுவாசத்தில் கிளம்பியவர்கள். சில நாளில் பசி வயிற்றைப் பிடுங்கியது. தலைவர் கல்லாக நிற்கிறார். வீட்டுக்குத் திரும்பலாம் என்றால் அங்கே மூத்த மகன் பரதன் அரசாள்கிறான், என்ன சொல்வானோ என்ற பயம். பழங்களையும் கிழங்குகளையும் தின்றார்கள். துறவியின் கோலத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள் என்று வனதேவதை அதட்ட, மரவுரியும் இலையும் உடுத்திக்கொண்டார்கள். பிற மதங்களெல்லாம் இவர்களிலிருந்து கிளைத்தன என்று கூசாமல் சொல்கிறது புராணம். பிறரை இடித்துரைப்பதில் எந்தப் புராணமும் சளைத்ததில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ரிஷபரின் பேரன் மரீசியும் இருந்தான் என்றும், பசிக்குத் தோற்று வழி பிசகிய அந்த மரீசிதான் பல பிறவி கடந்து மகாவீரராக வந்தான் என்றும் அதே புராணம் சொல்கிறது. கடைசித் தீர்த்தங்கரர், முதல் தீர்த்தங்கரரின் பசியைக்கூடத் தாங்க முடியாமல் ஓடியவர். இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் கதை திரும்புகிறது. அரச குடும்பத்து இளைஞன் சிரேயாம்சன் மாளிகையிலிருந்து பார்க்கிறான், தெருவில் ஒரு நிர்வாண உருவம் வருகிறது. பார்த்ததும் முற்பிறவி நினைவு எழுகிறது. அந்தப் பிறவியில் வந்திருப்பவர் வஜ்ரஜங்கன் என்ற அரசன், இவன் ஸ்ரீமதி என்னும் அவன் மனைவி. இருவரும் சேர்ந்து ஒருநாள் காட்டில் இரண்டு முனிவர்களுக்கு உணவிட்டிருக்கிறார்கள். எப்படி எதிர்கொண்டோம், என்ன சொல்லி அழைத்தோம், எதை எப்படி ஏந்தினோம் என்பதெல்லாம் இப்போது கண்முன் வருகிறது. கீழே ஓடுகிறான். வீட்டில் அப்போதுதான் கருப்பஞ்சாறு வந்து இறங்கியிருக்கிறது. ரிஷபர் இரு கைகளையும் குவித்து நீட்டுகிறார். சாறு விழுகிறது. ஒரு துளியும் சிந்தவில்லை என்பார்கள்.

ஊரில் மற்றவர்களைவிட சிரேயாம்சன் தாராளமானவன் என்று கதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. யானை கொடுக்க வந்தவனைவிடக் கருப்பஞ்சாறு கொடுத்தவன் எப்படித் தாராளமானவன் ஆவான்? அவனிடம் இருந்தது நினைவு, அதுவும் ஒரு மனைவியின் நினைவு. கூடவே இருந்து, கூடவே சமைத்து, கூடவே பரிமாறிய ஒருத்திக்குத் தெரிந்தது, குடிமக்கள் கூட்டத்துக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்களுக்கு உயர்ந்தது எதுவோ அதைக் கொண்டுவந்தார்கள். அதில் கபடம் இல்லை, அன்பும் குறைவில்லை. தாங்கள் யார் என்பதைத்தான் தட்டில் வைத்து நீட்டினார்கள். எதிரே நிற்பவர் யார் என்பது அந்தத் தட்டில் இல்லை.

தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில் பாரியும் பேகனும் நினைவுக்கு வராமல் போகமாட்டார்கள். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை. முல்லை தேரேறிப் போகாது, மயில் போர்த்திக்கொள்ளாது. அது தெரிந்தும், தெரிந்ததைப் பொருட்படுத்தாமல் கொடுத்தார்கள் என்பதுதான் அவர்கள் பெருமை. அதற்குக் கொடைமடம் என்றே பெயர் வைத்துப் பாடினார்கள் நம் புலவர்கள். பாடியவர்கள் பெறுகிற இடத்தில் நின்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னதுதான் கொடுப்பது என்று கணக்குப் பார்க்காத அரசனைப் பாணனும் புலவனும் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவார்கள்? ரிஷபர் கதையில் வரும் ஊர் முழுவதும் பாரிகள். தேர் நின்றது, யானை நின்றது, வந்தவர் பட்டினியோடு போனார். இரண்டு மரபும் இந்த மண்ணில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில் இருந்திருக்கின்றன. ஒன்றில் கொடுப்பவன் முகம் பெரிதாகத் தெரிகிறது, மற்றொன்றில் வாங்குகிற கை. பாரிக்காகவும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். முல்லைக்கு வேண்டியிருந்தது கொழுகொம்பு. தேர் அதற்குப் போதும், சற்று அதிகம், அவ்வளவுதான்.

கருப்பஞ்சாறு விழுந்தபின் நடப்பதைச் சமணர்கள் ஐந்து அதிசயங்கள் என்பார்கள். வானத்தில் முரசு முழங்குகிறது, மணம் வீசும் காற்று, பூமாரி, ஆகா என்ன தானம் என்று தேவர்களின் குரல், கூடவே சிரேயாம்சனின் முற்றத்தில் மணிமாரி. எனக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். ஓராண்டாகப் பொன்னையும் மணியையும் தாண்டி நடந்த ஒருவர் ஒருவழியாகப் பசியாறுகிறார். தேவர்களுக்கோ அதைக் கொண்டாட மணிகளைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான் போலிருக்கிறது.

இந்த நாள்தான் அட்சய திருதியை. சித்திரை அமாவாசை கழிந்து வரும் மூன்றாம் பிறை. இன்று தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட நகைக்கடை என்று சொல்லும். விடியற்காலையிலேயே கதவு திறக்கும் கடைகள், முன்பதிவுக்கு டோக்கன், ஒரு கிராம் நாணயமாவது வாங்கிவிட வேண்டும் என்று கடன்பட்டு நிற்கிற வரிசை. நம் பாட்டிகள் இப்படி ஒரு நாளை அறிந்ததில்லை. கும்பகோணத்தில் பன்னிரண்டு கருட சேவை என்றால் அறிவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்துக் கதைகளிலும் மையத்தில் சோறுதான். குசேலன் கந்தல் முனையில் முடிந்துவந்த அவல். வனவாசத்தில் திரௌபதியின் கழுவிய பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கை, ஒரு துணுக்குக் கீரை. மூன்று கதையிலும் ஒரு வாய் அளவு உணவு தக்க கைக்குப் போய்ச் சேர்கிறது. மூன்றிலும் பொன் பிற்பாடு வருகிறது அல்லது வருவதே இல்லை. இதைச் சொல்லி நகைக்கடை வரிசையில் நிற்பவரை ஏசுவதில் எனக்கு ருசி இல்லை. சேமிக்க வேறு வழி தெரியாத வீடுகளில் பெண்ணுக்கென்று இருக்கிற ஒரே சொத்து அதுதான். தவிர, முற்றத்து மணிமாரியைக் காட்டி, கதையிலேயே இருக்கிறதே என்று கடைக்காரர் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

அதே நாளில், அதே சென்னையில், சௌகார்பேட்டைப் பக்கத்து மண்டபங்களில் வேறொரு கூட்டம் கூடும். ராஜஸ்தானிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட சுவேதாம்பரக் குடும்பங்கள். அவர்களில் சிலர் அன்று வர்ஷீதப் முடிக்கிறார்கள். முந்தின ஆண்டு பங்குனி வாக்கில் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் முழுப் பட்டினி. பட்டினி நாளில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். இடைப்பட்ட நாளில் இரண்டே வேளை. பதின்மூன்று மாதம் இப்படி ஓடும். கடை நடத்துகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், அறுபது வயதைக் கடந்த பெண்கள். மருமகள் உள்ளங்கையில் ஊற்றும் கருப்பஞ்சாற்றில் நோன்பு முடிக்கும் பாரணை. முடிந்தவர்கள் இதற்காகவே அஸ்தினாபுரத்துக்கோ பாலிதானாவின் சத்ருஞ்ஜய மலைக்கோ போவார்கள். ஊரார் தவறியதால் ஒருவர் பட்டினி கிடந்தார், அதற்கு ஊரார் வழித்தோன்றல்கள் முறைபோட்டுக்கொண்டு பட்டினி கிடந்து ஈடுகட்டுகிறார்கள் என்று எனக்குப் படும். அவர்கள் இதை வினை உதிர்க்கும் தவம் என்பார்கள், நான் சொல்வதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பாரணையைச் சுற்றி அழைப்பிதழ், ஊர்வலம், பந்தல், பரிசுப்பொருள் என்று வளர்ந்திருப்பதை அவர்களில் பெரியவர்களே சலித்துக்கொள்வதுண்டு.

ரிஷபருக்கு ஏன் இந்தப் பசி என்பதற்கு வீடுகளில் ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு பிறவியில் களத்தில் போரடிக்கிற மாடுகள் தானியத்தைத் தின்கின்றன என்று உழவர்கள் முறையிட்டபோது, வாய்க்கூடு போடுங்கள் என்று யோசனை சொன்னாராம். மாடுகள் காலடியில் தானியம் கிடக்க, வாய் கட்டிக்கிடக்கப் பெருமூச்சு விட்டன. அந்த மூச்சுதான் இந்தப் பசி. ஊர் முழுக்கச் சோறு வெந்துகொண்டிருக்க, வாய் கட்டி நடந்தவர் பட்டது அந்த மாடுகள் பட்டதுதான். பெரிய புராணங்களின் தத்துவத்தைவிட இந்தச் சின்னக் கதையில் கணக்கு கச்சிதமாக இருக்கிறது. உழவைக் கற்பித்த கையே வாய்க்கூட்டையும் கற்பித்தது.

சிரேயாம்சனுக்கு நினைவில் வந்த முறை இன்னும் கைவிடப்படவில்லை. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நயினார்கள் இருக்கிறார்கள். தமிழே தாய்மொழி, பெரும்பாலும் உழவர், திகம்பரர், பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுகிறவர்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் உண்டு. அந்தப் பக்கத்து ஊரொன்றில் முனிவர் ஆகாரத்துக்குப் புறப்படுவதை ஒருமுறை பார்த்தேன். காலை வெயில் ஏறும் நேரம். தெருவில் பல வீட்டு வாசலிலும் குடும்பத்தோடு நிற்கிறார்கள். ஒருவர் கையில் தேங்காய், ஒரு தம்பதி கையில் கலசம், இன்னொரு வாசலில் தட்டில் பழம். முனிவர் இடக்கையில் மயிற்பீலியும் கமண்டலமும் பிடித்து, வலக்கை விரல்களைக் கூட்டித் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார். வாசலுக்கு வாசல் நமோஸ்து நமோஸ்து என்று குரல் எழுகிறது. நில்லுங்கள், நில்லுங்கள் என்று வடமொழியில் வேண்டுகிறார்கள். மனம் தூய்மை, சொல் தூய்மை, உடல் தூய்மை, உணவும் நீரும் தூய்மை என்று உறுதி சொல்கிறார்கள். அவர் பாட்டுக்கு நடக்கிறார்.

காரணம் அவர் மனத்தில் இருக்கிறது. புறப்படுமுன் ஒரு நிபந்தனையை உள்ளுக்குள் வைத்துக்கொள்வார். இன்னது கையில் இருக்கிற வீட்டில்தான், இத்தனை பேர் நிற்கிற வாசலில்தான், இன்ன திசைத் தெருவில்தான் என்று ஏதோ ஒன்று. யாருக்கும் சொல்வதில்லை. பொருந்தினால் நிற்பார். பொருந்தாவிட்டால் திரும்பிப்போய் மறுநாள்வரை பட்டினி. அதனால்தான் தேங்காயும் கலசமும் பழமுமாக ஊர் ஊகம் செய்துகொண்டு நிற்கிறது. ரிஷபர் முன் நின்ற அந்தப் பழைய ஊர் இங்கே ஒவ்வொரு காலையும் திரும்ப நின்று பரீட்சை எழுதுகிறது.

அன்று ஒரு வாசலில் நின்றுவிட்டார். வலம்வந்து வணங்கி உள்ளே அழைத்துப் போனார்கள். உயர்ந்த இருக்கை தந்து, கால் கழுவி, அருச்சித்து, பிறகுதான் உணவு. எதிர்கொள்வதில் தொடங்கும் இந்த வரவேற்பின் ஒன்பது செயல்களை நவபுண்ணியம் என்று தமிழில் முன்பே எண்ணி வைத்திருக்கிறார்கள். நின்றுகொண்டே, குவித்த கைகளில் வாங்கி, ஒவ்வொரு கவளமாக விரலால் நெருடிப் பார்த்து உண்கிறார். பாத்திரம் கிடையாது. ஒரு நாளைக்கு இந்த ஒரு வேளைதான், தண்ணீரும் இப்போது குடித்தால் உண்டு. பாதிகூட ஆகவில்லை, சோற்றில் ஒரு தலைமயிர். கையை விரித்துவிட்டார். முடிந்தது. இன்னொரு தட்டு, வேறு சோறு, ஒரு வாய்த் தண்ணீர் என்று எதுவும் கிடையாது. அந்த வீட்டுப் பாட்டி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம், “என்ன பண்றது தம்பி, எங்க கொடுப்பினை அவ்வளவுதான்” என்றார். பட்டினி அவருக்கு, துக்கம் இவர்களுக்கு.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது கொடுமையாகத் தெரியும். ஒரு மயிருக்காகவா என்று நானும் அன்று நினைத்தேன். பழகப் பழக, இந்தக் கடுமையெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புரிந்தது. உலகத்தில் கொடுக்கல் வாங்கல் எங்கே நடந்தாலும் கொடுப்பவன் கை மேலே இருக்கும். வாங்குகிறவன் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், குறை சொல்லக் கூடாது. இங்கே வாங்க வருகிறவருக்கு மறுக்கிற உரிமை முழுசாக இருக்கிறது. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவன்தான் வாசலில் நின்று மன்றாடுகிறான், உறுதி சொல்கிறான், தோற்றால் அழுகிறான். பிச்சை எடுப்பவரின் மானத்தைக் காப்பாற்ற இவ்வளவு நுணுக்கமாக யோசித்த சமூகம் வேறு உண்டா, தெரியவில்லை. அவரும் இதற்குத் தன் வயிற்றை விலையாகக் கொடுக்கிறார்.

சுவேதாம்பரத் துறவிகள் பாத்திரம் வைத்துக்கொள்வார்கள். வீடுவீடாகச் சிறிது சிறிதாக வாங்கிவந்து தங்குமிடத்தில் உண்பார்கள். பூவை வருத்தாமல் தேன் எடுக்கும் வண்டை உதாரணம் காட்டித்தான் தசவைகாலிக சூத்திரம் தொடங்குகிறது. இரு பிரிவுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு, தமக்கென்று சமைத்ததைத் துறவி ஏற்கக் கூடாது. எவ்வளவு சிக்கலான விதி என்று யோசித்துப் பாருங்கள். முனிவர் வருகிறார் என்று விசேஷமாகச் சமைத்தால் அது செல்லாது. வீட்டுக்காரர் தனக்குச் சமைத்ததில்தான் பங்கு. அப்படியானால் தானம் என்பது ஒரு நாள் செய்கிற காரியமாக இருக்க முடியாது. தினமும் தன் அடுப்பில் ஏறுவது ஒரு துறவி ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிழங்கு இல்லை, இரவுச் சமையல் இல்லை, வடிகட்டாத நீர் இல்லை. விதி இப்படி இருக்க, நடப்பு வேறு. திகம்பர முனிவர்கள் ஊர்விட்டு ஊர் நடக்கையில் சமையல் கூடமே வண்டியேறிப் பின்னால் போவதை இன்று நெடுஞ்சாலையில் பார்க்கலாம். சமணர் இல்லாத ஊர்களின் வழியே நூற்றுக்கணக்கான மைல் நடப்பவருக்கு வேறு வழி என்ன என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வண்டியில் வேகிற சோறு யாருக்கென்று வேகிறது?

என்னால் ஒப்ப முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. பெறுபவரின் தகுதியைப் பொறுத்துத் தானத்தின் பலனைத் தரம் பிரிப்பது. முனிவருக்குக் கொடுத்தால் இவ்வளவு, விரதம் பூண்ட இல்லறத்தாருக்கு இவ்வளவு, நம்பிக்கை மட்டும் உள்ளவருக்கு இவ்வளவு என்று சாத்திரங்களில் படிகள் உண்டு. வெறும் பசியோடு வருகிறவனுக்குக் கருணையால் இடுவதும் உண்டு, அதற்குத் தகுதி பார்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரு படி கீழே. 1760இல் சுவேதாம்பரரிடையே தேராபந்த் என்ற பிரிவைத் தொடங்கிய ஆசாரிய பிட்சு இதை விளிம்புவரை கொண்டுபோனார். ஏழைக்குச் சோறு போடுவது உலகியல் கடமை, நல்லதுதான், ஆனால் வீடுபேற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். சக சமணர்களே கொதித்துப்போனார்கள். தர்க்கத்தில் அவரைப் பிடிக்க முடியாது. பசித்தவன் எதிரே நிற்கும்போது அந்தத் தர்க்கம் எனக்கு உதவாது.

பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் ஆபுத்திரன் இதற்கு நேர் எதிர்க்கரையில் நிற்கிறான். மதுரையில் சிந்தாதேவி தந்த அமுதசுரபியை வைத்துக்கொண்டு, யார் எவர் என்று கேட்காமல் அள்ளியள்ளிப் போட்டவன். இந்திரனையே மதிக்கவில்லை. இந்திரன் பழிவாங்கிய விதம் மிகப் பொல்லாதது, பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்துவிட்டான். பஞ்சம் போனது, பசித்தவர் இல்லை. வற்றாத பாத்திரத்தோடு ஆபுத்திரன் வாங்க ஆளில்லாமல் அலைந்தான். சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான், வழியில் மணிபல்லவத்தில் இறங்கிய இடத்தில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. கேட்பாரற்ற தீவில் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான். ரிஷபருக்குக் கொடுக்கத் தெரிந்தவர் அகப்படவில்லை, ஆபுத்திரனுக்கு வாங்குகிறவர் அகப்படவில்லை. சமணமும் பௌத்தமும் எத்தனையோ விஷயத்தில் முட்டிக்கொண்டவை, மணிமேகலையே சமயவாதிகளோடு வாதாடுகிறாள். இந்த இரண்டு பட்டினிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் சண்டை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

வாங்குவதற்கும் ஒரு முடிவு இருக்கிறது. நின்று உண்ணக் கால் வலுவில்லாதபோது, நடக்கும் வழியில் ஊரும் உயிரைக் காணக் கண் இல்லாதபோது, விதி பிசகாமல் உணவு ஏற்க முடியாது. பிசகி ஏற்பதைவிட ஏற்காமலே இருந்துவிடுவது என்று முடிவெடுப்பார்கள். 20ஆம் நூற்றாண்டில் திகம்பரத் துறவு மரபுக்கு மறுபடி உயிர்கொடுத்த ஆசாரிய சாந்திசாகரர், பார்வை மங்கிய நிலையில் 1955இல் மகாராஷ்டிரத்துக் குந்தல்கிரியில் அப்படித்தான் உணவை நிறுத்தினார். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. நாள்கணக்கு உண்டு, காரணம் இல்லை. வயதா, நோயா, கண்ணா, ஏற்கத்தக்க உணவு கிட்டாமல் போனதா, எழுதியவருக்கு அது முக்கியமாகப் படவில்லை.

சமணம் தெற்கே வந்த கதையே சோற்றில்தான் தொடங்குகிறது என்பது மரபு. வடக்கே பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும், இல்லறத்தார் தாமே பட்டினி கிடக்கையில் துறவிக்கு எங்கிருந்து இடுவார்கள் என்று உணர்ந்து பத்திரபாகு முனிவர் தம் கூட்டத்தைத் தெற்கே நடத்திவந்தார். சிரவணபெளகொளாவில் கி.பி. 600ஐ ஒட்டிய கல்வெட்டு அந்தப் பஞ்சத்தைச் சொல்கிறது. அவர் சீடர் விசாகரோடு ஒரு கூட்டம் சோழ, பாண்டிய நாடுகளுக்கு இறங்கியது என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் மதுரையைச் சுற்றிய குன்றுகளில் துறவிகள் தங்கியதற்குக் கல்லே சாட்சி. மாங்குளத்தில் கணிநந்தி என்ற துறவிக்கு நெடுஞ்செழியன் காலத்தில் குடைந்து தந்த படுக்கைகள், அதில் வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையும் உண்டு. அழகர்மலையில் கொடுத்தவர்கள் பெயரோடு தொழிலும் வருகிறது. உப்பு விற்றவர், கொழு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர். அரசன் நிலமும் ஊரும் எழுதிவைக்கிற காலம் இன்னும் வரவில்லை. துறவிக்கு எது தேவை, எதை அவரால் வாங்க முடியும் என்று யோசித்திருக்கிறார்கள். பாயும் கட்டிலும் அவர் ஏற்கமாட்டார். பாறையைக் கொஞ்சம் செதுக்கிச் சமன்படுத்தி, தலைப்பக்கம் சற்று உயர்த்தி, மழைநீர் உள்ளே வடியாமல் விளிம்பில் ஒரு காடி வெட்டித் தந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை. எடுத்துப்போகவும் முடியாது. அவர் போனபின் அடுத்தவர் வந்து படுப்பார்.

கரூருக்கு அருகே வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. புகழூர்க் கல்வெட்டுகள் என்று படித்திருப்போம். மேலே முருகன் கோயில், இடையில் குகைத்தளம். சேர இளவரசன் இளங்கடுங்கோ ஒரு முதிய துறவிக்குத் தந்த உறையுள்தான் எல்லாப் பாடநூலிலும் வரும், மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் அதில் இருப்பதால். அதன் அண்டையில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய இன்னொரு சிறு வரி இருக்கிறது. கருவூர்ப் பொன்வணிகன் நத்தி தந்த இருப்பிடம் என்பது அதன் செய்தி. பொன் விற்கிறவன் கல் கொடுத்திருக்கிறான். முதலில் தட்டில் பொன்னை வைத்து நீட்டித் திருப்பி அனுப்பப்பட்டானா, வீட்டுப் பெண்கள் யாராவது எடுத்துச் சொன்னார்களா, இல்லை நேராகக் கல்தச்சன் வீட்டைத் தேடிப் போனானா, நாம் எதையும் கற்பனை செய்துகொள்ளலாம். கொடுத்தவன் புகழை நாடக் கூடாது என்றுதான் சமண நூல்கள் சொல்லும். நத்தி ஊரையும் தொழிலையும் பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லியிருக்கிறான். தச்சனுக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், பொன்வணிகன் என்ற சொல்லுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பான்.